பக்கத்து அறைக்கும் சேர்த்து அந்துருண்டை

பொறுப்பில்லாதவர்களால் உலகத்துக்கு வரும் சேதத்துக்கு ஓர் எல்லை உண்டு. அவர்கள் பாதியிலேயே அலுத்துப்போய் எழுந்து போய்விடுவார்கள். பொறுப்பானவர்கள் அப்படியல்ல, கடைசிவரை இருந்து முடித்துவிட்டுத்தான் போவார்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். காரைக்காலில் ஒரு கலியாணச் சாப்பாட்டைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தவன் குடிகாரனோ, போக்கிரியோ, அந்த வீட்டின் பகையாளியோ அல்ல. ஊரிலேயே ஒழுங்கான மனிதர் என்று பெயர் வாங்கியிருந்த ஒருவர். (அவர் பெயரை மறைத்து எழுதலாம் என்றுதான் பார்த்தேன். மனைவி விடவில்லை. நான்தான்.)

எண்பதுகளின் தொடக்கம். ஒரு தமிழ் நாளிதழுக்குக் காரைக்கால் நிருபராக இருந்தேன். நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்சுவர் ஐப்பசி மழையில் உட்கார்ந்துவிட்டது. பிரித்துக் கட்டும்வரை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார் வீட்டுக்காரர். கிடைத்தது ஒரு மாடிப் போர்ஷன். அதில் நானும் மனைவி பிலோமினாவும் இருந்தால் கட்டிலுக்கு இடமில்லை, கட்டில் இருந்தால் எங்களுக்கு இடமில்லை. பிலோமினா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தேக்கு பீரோவோ மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் ஒரு பகல் முழுவதும் நின்றது. கீழ்வீட்டுக்காரர்கள் அதன் காலுக்கடியில் குனிந்து போய்வந்தார்கள்.

அப்போதுதான் ஹாஜியாரின் கிடங்கைப் பற்றிச் சொன்னார்கள்.

கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளித் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். கப்பலில் சரக்கு போய்வந்த காலத்தில் ஹாஜியாரின் தகப்பனார் கட்டியது. வியாபாரம் நின்று, பிள்ளைகளும் வளைகுடாவுக்குப் போனபிறகு, ஹாஜியார் உள்ளே இடைவெளி விட்டு மரச்சட்டங்களை அடித்து வரிசையாக அறைகளாகத் தடுத்தார். மாத வாடகைக்கு விட்டார். வீட்டில் வைக்க இடமில்லாததை அங்கே கொண்டுபோய் வைக்கலாம். அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. வெளிக்கதவுச் சாவி மட்டும் ஹாஜியாரிடம். (இன்று பெருநகரங்களில் இதையே கம்பெனி வைத்து நடத்துகிறார்களாம். காரைக்காலில் அப்போதே இருந்தது. விளம்பரப் பலகைதான் இல்லை.) மாற்றலாகிப் போன அதிகாரியின் சாப்பாட்டு மேசை, துபாய்க்குப் போனவரின் மோட்டார் சைக்கிள், ஒரு நாடக சபாவின் அரண்மனைத் திரை எல்லாம் சட்டங்களின் இடைவெளி வழியே தெரியும்.

முதல் நாள் ஹாஜியார் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விதிகளைச் சொன்னார்.

"அழுவுற பொருளு வைக்கக்கூடாது தம்பி. மண்ணெண்ணெ, வெடி ஒண்ணும் ஆவாது. நடையில ஒரு செருப்புகூடக் கெடக்கக்கூடாது. பொழுது சாஞ்சு மஹ்ரிப் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி பூட்டிடுவேன். அப்பறம்..."

"சொல்லுங்க ஹாஜியார்."

"ஒங்க அறைய மட்டும் பாருங்க. அடுத்தவங்க சாமான் அடுத்தவங்க பாடு."

மற்ற விதிகளை உயிராகக் கடைப்பிடித்தேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் விதியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹாஜியார் சங்கோஜத்தில் சொல்கிறார், நம்மைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கிடங்குக்கு என்னைப்போல ஒரு வாடகைதாரர் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை என்று ஹாஜியார் சொல்வார். அதைப் பாராட்டாகத்தான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். என் அறையில் பிலோமினாவின் பீரோவுக்குப் பக்கத்தில் கட்டில் பலகைகள் உயர வரிசையில் நின்றன. ஒவ்வொரு மூட்டையிலும் உள்ளே இருப்பதை எழுதி ஒட்டினேன். நடையில் இருபுறமும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்து, அந்தக் கோட்டைத் தாண்டி எவருடைய நாற்காலிக் கால் நீட்டிக்கொண்டிருந்தாலும் வெளியிலிருந்து குச்சியால் உள்ளே தள்ளினேன். நாடக சபாவின் அரண்மனைத் திரையில் ஒரு கிழிசல் இருப்பதைக் கண்டு சபாச் செயலாளருக்குக் கடிதமும் போட்டேன். (அவர் பதில் போடவில்லை. அந்தக் கிழிசல் வழியாகத்தான் ராஜா வருவாராம். பிறகு தெரிந்தது.)

"எல்லாரும் ரிப்போர்ட்டர் மாரி இருந்துட்டா எனக்கு வேலையே இல்லெ" என்றார் ஹாஜியார்.

அந்த ஒரு வாக்கியம் என்னைக் கெடுத்தது. மனிதனைக் கெடுக்கப் பெரிய புகழெல்லாம் தேவையில்லை.

எங்கள் ஊர் உப்புக் காற்றில் ஒரு பூட்டு ஆறு மாதம் சும்மா தொங்கினால் சாவியை உள்ளே விழுங்கிக்கொண்டு திருப்பித் தராது. ஒரு நாள் யாரோ தம் அறைப் பூட்டுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். மறுநாள் ஒரு சிறிய சீசாவும் கோழி இறகும் கொண்டுபோய், நடையில் இருந்த அத்தனை பூட்டுகளுக்கும் எண்ணெய் விட்டேன். என்ன எண்ணெய் என்று கேளுங்கள். தேங்காய் எண்ணெய். வீட்டில் அதுதான் இருந்தது.

ஒரு வாரத்தில் எறும்பு வந்தது.

இந்தச் சமயத்தில் என் பக்கத்து அறைக்கு கபீர் பாய் வந்து சேர்ந்தார். ஜித்தாவில் ஒரு கம்பெனியில் ஓட்டுநர். மகள் கலியாணத்துக்காக நீண்ட நாளாக லீவு சேர்த்து வைத்து வந்திருந்தார். வீட்டில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. உறவினர்கள் அதற்குள் வந்து இறங்கியதில் பாய் விரிக்க இடமில்லை. எனவே கலியாணத்துக்கு வாங்கிய சீரகச் சம்பா மூட்டைகளைக் கிடங்கில் வைத்தார். அரிசி அழுகும் பொருளல்ல என்று ஹாஜியாரும் ஒப்புக்கொண்டார்.

"பழைய அரிசி சார்" என்று மூட்டையைத் தட்டிக் காட்டினார் கபீர் பாய். அந்தத் தட்டலில் குழந்தையைத் தூங்க வைக்கிற பதம் இருந்தது. "நெடுங்காட்டுல தெரிஞ்சவரு ஒருத்தரு எனக்குன்னே எடுத்து வச்சாரு. போன தடவ வந்தப்பவே சொல்லிட்டுப் போனேன். அப்ப மாப்புள்ளகூடப் பாக்கல."

"மாப்பிள்ளை வீடு எந்த ஊரு பாய்?"

"நாகூரு. அதான் கவலெ." குரலைத் தாழ்த்தினார். "நகையில கொறை சொல்ல மாட்டாங்க, சீருல கொறை சொல்ல மாட்டாங்க. நல்ல மனுஷங்க. ஆனா சோத்துல ஒரு சொல்லு வந்திச்சுன்னா, எம்மவ அந்த வீட்டுல இருக்குற காலமெல்லாம் அந்தச் சொல்லும் கூட இருக்கும். சம்பந்தி நாக்கு அப்படி. கறி ஆணத்தை வாயில வச்சே ஆட்டுக்கு வயசு சொல்லுவாரு."

நான் அவரைத் தேற்றினேன். கிடங்கில் மூட்டைகள் பத்திரமாக இருக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது கபீர் பாயின் பூட்டிலிருந்து ஒரு கறுப்புக் கோடு புறப்பட்டு, மரச்சட்டம் வழியாக இறங்கி, முதல் மூட்டையின் தையலுக்குள் போய்க்கொண்டிருந்தது. எறும்பு. இந்த எறும்பு எங்கிருந்து வந்தது, ஏன் பூட்டிலிருந்து வருகிறது என்ற கேள்வி என் மனத்தில் எழவே இல்லை. (புலனாய்வுச் செய்திகளுக்குப் பெயர் பெற்ற நிருபர்.) எழுந்த கேள்வி ஒன்றுதான்: இதற்கு நான் என்ன செய்யலாம்?

கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிலோமினா தன் பீரோவில் இருக்கும் பட்டுப்புடவைகளுக்குப் பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் அந்துருண்டை வாங்கிப் போடச் சொல்லியிருந்தாள். கொஞ்சம் என்பதை நான் என் வழக்கப்படி ஒரு கிலோ என்று புரிந்துகொண்டிருந்தேன். பீரோவின் எல்லாத் தட்டுகளிலும் போட்டபிறகும் பொட்டலம் பெரிதாகவே இருந்தது.

மீதியை வீணாக்குவானேன்?

பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சிறுசிறு முடிச்சுகளாகக் கட்டினேன். குடைக் கம்பியின் நுனியில் ஒவ்வொன்றாக மாட்டி, சட்ட இடைவெளி வழியே நுழைத்து, கபீர் பாயின் மூட்டைகளுக்கு நடுவே, மேலே, பக்கவாட்டில், எங்கெல்லாம் எட்டுமோ அங்கெல்லாம் செருகினேன். ஒரு முடிச்சு மூட்டைத் தையலுக்குள்ளேயே அழகாகப் போய் உட்கார்ந்தது. அந்த இடத்தில் நின்று அதை ஒருமுறை ரசித்தேன். பிறகு, ஓர் அறைக்குப் போட்டுவிட்டு மற்ற அறைகளை விட்டால் பாரபட்சம் ஆகுமே என்று கிடங்கு முழுவதற்கும் போட்டேன். கபீர் பாயிடம் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது எனக்குப் பிடிக்காது.

எறும்பு போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு நாள் அந்தத் தகரக் கூரை வெயிலில் காய்ந்தது. கதவு அடைத்தே கிடந்தது.

கலியாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் முதல் பூசை கண்டுவிட்டு நேரே கபீர் பாய் வீட்டுக்குப் போனேன். விருந்தாளி காலையிலேயே போகவேண்டியதில்லைதான். ஆனால் கூடமாட ஏதாவது செய்யலாமே என்ற எண்ணம். (இந்த எண்ணம் எனக்கு வரும்போதெல்லாம் பிலோமினா இப்போது கதவைத் தாழிட்டுவிடுகிறாள்.)

முந்தின நாள் சாயங்காலம் கிடங்கு பூட்டும் அவசரத்தில் கூலியாட்கள் மூட்டைகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கொல்லைப்பக்கம் பந்தல் போட்டுப் பெரிய தேக்சாக்கள் அடுப்பில் ஏறக் காத்திருந்தன. கலியாணச் சமையலுக்கு வந்திருந்த பண்டாரி கனத்த ஆள். இடுப்பில் துண்டு, கையில் துடுப்புக் கரண்டி. அவர் நடந்தால் எடுபிடிகள் வழிவிட்டார்கள், பெண்வீட்டுக்காரர்களும் வழிவிட்டார்கள். முதல் மூட்டை பிரிக்கப்பட்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவினர் ஒருவர் மூக்கை உயர்த்தினார்.

"மாஷா அல்லாஹ்! அரிசியே மணக்குதே. வெளிநாட்டு வாசனையால்ல இருக்கு?"

"ஜித்தாவுலேருந்து கபீர் ஏதோ அத்தர் கொண்டாந்து தெளிச்சிருப்பான்" என்றார் இன்னொருவர், மதிப்புடன்.

பண்டாரி ஒரு பிடி அள்ளினார். மோந்தார். கொட்டினார். வேறு மூட்டையில் அள்ளி மோந்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்து எடுபிடிகள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"கபீர் பாய்! இங்கெ வாங்க. இது அரிசியா, ஒங்க துணிப் பொட்டியா?"

கபீர் பாய் ஓடி வந்தார். அவரும் மோந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு துணி முடிச்சை வெளியே எடுத்தார். எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

"இது யாரு வேல?" என்றார் பண்டாரி. "சொல்லுங்க, யாரு வேல இது?"

இந்த இடத்தில் நான் முன்னே வந்தேன். சிரித்த முகத்துடன், அடக்கமாக, கையை லேசாக உயர்த்திக்கொண்டு வந்தேன் என்பதை அங்கே இருந்தவர்கள் இன்றுவரை நடித்துக் காட்டுகிறார்கள்.

"நான்தாங்க. எறும்பு வந்திச்சு. பாய்க்குச் சிரமம் வேண்டாம்னு நானே போட்டுட்டேன். பரவாயில்லீங்க, நன்றியெல்லாம் எதுக்கு?"

அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது.

"சார்" என்றார் பண்டாரி, மிக மெதுவாக. "இந்தத் தேக்சாவுல நான் இப்ப சோறு ஆக்கவா, பொடவ மடிச்சு வைக்கவா?"

கழுவிப் பார்த்தார்கள். வெந்நீரில் கழுவிப் பார்த்தார்கள். பண்டாரி சின்னச் சட்டியில் ஒரு பிடி வடித்துப் பார்த்தார். மூடியைத் திறந்ததும் ஆவியோடு எங்கள் வீட்டு பீரோ அப்படியே எழுந்து வந்தது. இதை யாருக்கும் போட முடியாது, வயிற்றுக்கும் ஆகாது என்று அதை மண்ணில் கொட்டினார். அங்கே மேய்ந்துகொண்டிருந்த கோழி ஒன்று வந்து, பார்த்து, ஒதுங்கிப் போயிற்று.

கபீர் பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சு நிக்காஹ். ஒடனே சாப்பாடு. நாகூர்லேருந்து கார் கெளம்பியிருக்கும்" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். கலியாண வேட்டியின் கரையை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தார். நான் அந்தக் கரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் ஹாஜியாருக்குச் செய்தி போய் அவரும் வந்துவிட்டார். கிடங்குக்காரர் என்ற முறையில் அவருக்கும் பதைப்பு.

"கலங்காதீங்க கபீர். நம்ம கெடங்குலயே கடைசி அறையில அரிசி யாவாரி சீரகச் சம்பா போட்டு வச்சிருக்காரு. அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். எடுத்தாந்துடுவோம்."

எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது. அதை அணைக்க வேண்டிய வேலையும் எனக்கே வாய்த்தது.

"ஹாஜியார்... அங்கயும் போட்டிருக்கேன்."

"எங்க?"

"கடைசி அறையில."

"அதுக்கு முன்னாடி அறை?"

"அங்கயும்."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "மோட்டார் சைக்கிளுக்குமா தம்பி போட்டீங்க?"

"ஸீட்டுக்கு அடியில" என்றேன்.

கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த கடைகளில் பொன்னி இருந்தது. சீரகச் சம்பா என்று இருந்தது ஒரு சின்ன வீட்டுக்குக்கூடக் காணாது. பொன்னியில் ஆக்கலாமே என்று யாரோ சொன்னார். பண்டாரி துடுப்பை அடுப்பில் சாய்த்துவிட்டுத் துண்டை அவிழ்த்தார். "பொன்னியில நெய்ச்சோறு போடுறதுக்கு ஆஸ்பத்திரிச் சமையக்காரனக் கூட்டியாங்க. நான் வர்றேன்." அவரைப் பிடித்து உட்கார வைக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

அப்போது பெண்கள் இருந்த திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கபீர் பாயின் மனைவியின் குரல் வந்தது. "என்ன எல்லாரும் நின்னுக்கிட்டே இருக்கீங்க? நம்ம தெருவுல சீரகச் சம்பா இல்லாத வீடு எது? வீட்டுக்கு வீடு போயி வாங்கியாங்க. நாலு படி, அஞ்சு படி எல்லாரும் தருவாங்க."

உண்மைதான். பெருநாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வேண்டுமென்று எல்லா வீட்டிலும் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பார்கள். கபீர் பாய் எழுந்தார். பிறகு கலியாண உடுப்பைக் குனிந்து பார்த்தார். மகள் கலியாணத்தன்று பெண்ணின் தகப்பன் வீடு வீடாக அரிசி கேட்டால் எப்படி இருக்கும் என்று அவர் நினைத்தது எல்லாருக்கும் புரிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நியாயம்தான்" என்றார் ஹாஜியார், யாரும் எதுவும் சொல்லாமலே.

சைக்கிளில் இருபுறமும் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் வீட்டில் ஒரு வயதான அம்மா வாசலுக்கு வந்தார். நான் பத்திரிகைக்காரன், முன்கதை சொல்லாமல் எனக்குச் செய்தி சொல்லத் தெரியாது. வீட்டுச் சுவர் இடிந்ததில் தொடங்கினேன். உப்புக் காற்றுக்கு வந்தேன். பூட்டுக்கு எண்ணெய் விட்டதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் குறுக்கிட்டார்.

"தம்பி, நீங்க பூட்டு விக்கிறீங்களா, எண்ணெ விக்கிறீங்களா?"

அரிசி வேண்டும் என்றேன். ஏன் என்றார். சொன்னேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து பலபேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அரிசி முறம் நிறைய வந்தது.

இரண்டாவது வீட்டில் சுருக்கமாகச் சொன்னேன். மூன்றாவதில் இன்னும் சுருக்கம். ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது தேவையில்லாததெல்லாம் எப்படிக் கழன்றுபோகிறது என்பதை எந்த ஆசிரியரும் எனக்கு அவ்வளவு நன்றாகக் கற்றுத்தரவில்லை. தெருத் திரும்பியதும் அதற்கும் அவசியமில்லாமல் போயிற்று. நான் சைக்கிளை நிறுத்தும் முன்பே ஒரு வீட்டு வாசலில் அளந்த அரிசி தயாராக இருந்தது. உள்ளே பார்த்து ஒருவர் குரல் கொடுத்தார்: "உம்மா, அந்துருண்டை சார் வந்துட்டாங்க!" நான் அனுப்பிய எந்தச் செய்தியும் காரைக்காலில் அந்த வேகத்தில் பரவியதில்லை.

மாதா கோயில் பக்கம் வந்தபோது இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பிலோமினா படியிலேயே நின்றாள். அவளுக்கும் விஷயம் வந்துவிட்டிருந்தது.

"ஏங்க, நான் கொஞ்சம்தானே வாங்கச் சொன்னேன்?"

"அது இப்ப முக்கியமில்ல பிலோமி."

"ஒங்களுக்கு முக்கியமில்ல. என் பேரையும் சேத்துத்தானே சொல்லுவாங்க? தள்ளுங்க." முக்காட்டை இறுக்கிக்கொண்டு தன் தோழிகளைத் திரட்டினாள். அன்று ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கென்று அவர்கள் வீடுகளில் எடுத்து வைத்திருந்த அரிசி அரைமணி நேரத்தில் கூடைகளில் வந்து சேர்ந்தது. அந்த வீடுகளில் அன்று வெறும் சோறும் கறிக்குழம்பும்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

பண்டாரி வந்த அரிசியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பழசு, புதுசு, நடுத்தரம் எல்லாம் கலந்து வந்திருந்தது. ஒவ்வொரு கூடையாகப் பல்லில் கடித்துப் பார்த்து, வசவு ஒன்றைச் சொல்லி, இந்தத் தேக்சா, அந்தத் தேக்சா என்று பிரித்துப் போட வைத்தார். நான் கிட்டே போனபோது துடுப்பை நீட்டி ஒரு கோட்டைக் காட்டினார். அதற்கு இந்தப் பக்கம் நான் வரக்கூடாது. கிடங்கில் நான் சுண்ணாம்பில் கிழித்த கோட்டைவிட அது தெளிவாக இருந்தது.

லுஹருக்குள் நெய்ச்சோறு இறங்கிவிட்டது. தெருவே மணத்தது.

நிக்காஹ் முடிந்து பந்தி. எங்கள் பக்கத்து முஸ்லிம் கலியாணங்களில் சஹன் என்ற பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, நடுவில் இறைச்சி வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவார்கள். காலையெல்லாம் சைக்கிள் மிதித்ததில் என் சட்டை பிழிந்தால் சொட்டும் நிலையில் இருந்ததால், நடுவில் ஓடிப்போய் நல்ல சட்டை ஒன்று மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். கபீர் பாய் பெரிய மனதுடன் என்னைச் சம்பந்தியின் சஹனிலேயே உட்கார வைத்தார். எதிரே சம்பந்தி: வெள்ளைத் தாடி, கூர்மையான மூக்கு. அவர் பக்கத்தில் அவர் ஊர்க்காரர்கள் இருவர். கபீர் பாய் தண்ணீர்ச் செம்புடன் பின்னால் நின்றார்.

சம்பந்தி பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். மூக்கு லேசாக அசைந்தது.

"ஒரு வாசம் வருதே?"

மறுபடி மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"அந்துருண்டை வாசம் மாரி இல்லெ?" சஹனைப் பார்த்தார். "சோத்துலேருந்தா வருது?"

கபீர் பாயின் கையிலிருந்த செம்பிலிருந்து தண்ணீர் சிந்திக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரியவில்லை. பந்தலின் மறுகோடியில் பண்டாரி எழுந்து நின்றார். எந்த வீட்டு அரிசி? யார் கூடை? என் மனம் ஒவ்வொரு வாசலாக ஓடியது. அப்புறம்தான் அந்த நல்ல சட்டையை எங்கிருந்து எடுத்தேன் என்று நினைவு வந்தது. எங்கள் நல்ல துணியெல்லாம் பீரோவில் இருந்தது. பீரோ கிடங்கில் இருந்தது.

"சோத்துலேருந்து இல்லீங்க" என்றேன். "எங்கிட்டேருந்து."

சம்பந்தி என்னைப் பார்த்தார். சஹனுக்கு மேலாகக் குனிந்து என் தோள்பட்டையை நிதானமாக மோந்தார். பிறகு நிமிர்ந்து, ஒரு பிடி சோற்றை எடுத்து மோந்தார். வாயில் போட்டு மென்றார். பந்தலே மென்றது.

"சோறு ஒண்ணாம் நம்பரு" என்றார். "இந்த மாரி சீரகச் சம்பா நான் நாகூர்லயும் சாப்புட்டதில்லெ. இவுகளக் கொஞ்சம் தள்ளி ஒக்கார வைங்க."

சிரிப்பு பந்தலைத் தூக்கிற்று. பண்டாரி கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திரைக்குப் பின்னாலும் சிரித்தார்கள். அதில் கலியாணப் பெண்ணின் குரலும் இருந்ததாகப் பிலோமினா சொல்கிறாள்.

என்னைத் தள்ளி உட்கார வைத்தார்கள். பந்தலின் காற்றோட்டமான ஒரு மூலையில், நாலு பேர் சாப்பிடும் சஹன் ஒன்று எனக்கு மட்டும். சோற்று மலைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, எந்தப் பக்கம் தொடங்குவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். பார்ப்பவர்கள் எல்லாம் திரும்பிச் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கபீர் பாய் வந்தார். பெண்ணைப் பெற்றவர் கடைசிப் பந்திக்கு முன்னால் உட்காரும் வழக்கம் கிடையாது. வேட்டியை மடித்துக்கொண்டு என் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"பாய், நீங்க எதுக்கு? வாசம் அடிக்கும்."

"எனக்கு ஜலதோஷம் சார்" என்றார். "ஒண்ணும் தெரியல. சாப்புடுங்க."

பிறகு நடந்தவை சில்லறைச் சமாசாரங்கள். கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நெடுங்காட்டிலிருந்து அரிசி வாங்கித் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வீட்டிலும் மோந்து பார்க்காமல் வாங்கவில்லை. அரிசி வியாபாரிக்கும் கபீர் பாய்க்கும் என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தேன். கிடங்கைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனபோது ஹாஜியார் என்னை வெளிக்கதவிலேயே நிறுத்தினார். "பீரோ இருக்கட்டும் தம்பி. அது பாட்டுக்கு நல்லபடியா இருக்கு. நீங்க மட்டும் வெளியில நின்னு சொல்லுங்க, வேண்டியத நான் எடுத்துத் தர்றேன்."

கபீர் பாயின் குடும்பத்தில் அதற்குப் பிறகு எத்தனையோ கலியாணம். இரண்டாவது மகள், மூன்றாவது மகள், பேரப்பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் முதல் அழைப்பு எங்களுக்குத்தான். எல்லாவற்றிலும் பந்தலின் காற்றோட்டமான மூலையில் எனக்குத் தனி சஹன். சலவையில் வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனாலும் அதில் மாற்றமில்லை. புதிதாக வந்த சம்பந்திகள் காரணம் கேட்பார்கள். யாராவது ஒருவர் முதலிலிருந்து சொல்லித் தொடங்குவார். அந்தக் கதை முடிவதற்குள் கபீர் பாய் மெதுவாக நடந்துவந்து என் எதிரே உட்கார்ந்துவிடுவார். அவருக்கு அந்த ஜலதோஷம் இன்னும் தீரவில்லை.